திரையில் ‘வாழ்த்துகள்’, மறுநொடியே ‘பிழை’: அந்தப் பரிசு எனக்குச் சேருமா?

வாசகி ஒருவரின் நீண்ட கடிதத்தின் சாரம் இது. அடையாளம் காட்டும் விவரங்கள் நீக்கப்பட்டுள்ளன.

குளிர்பான நிறுவனம் ஒன்று எட்டு வாரப் பரிசுத் திட்டம் நடத்தியது. பாட்டில் மூடியின் உட்புறம் அச்சிட்டிருக்கும் பத்து எழுத்துக் குறியீட்டை இணையதளத்தில் பதிந்தால் உடனே முடிவு தெரியும். ஒரு கைப்பேசி எண்ணுக்கு நாளொன்றுக்கு மூன்று குறியீடு மட்டுமே. வாசகி 24 பாட்டில் வாங்கியிருக்கிறார். தன் எண், அம்மாவின் எண், தம்பியின் எண் என மூன்று கணக்கு தொடங்கி, மூன்றையும் தன் கைப்பேசியிலிருந்தே இயக்கியிருக்கிறார். ஐந்தாம் வாரம் ஓர் இரவு, அம்மாவின் கணக்கில் ஒரு குறியீட்டைப் போட்டதும் ‘வாழ்த்துகள்! நீங்கள் டேப்லெட் வென்றுள்ளீர்கள்’ என்று வந்தது. வட்டம் சுற்றியது. பிறகு ‘ஏதோ பிழை, சற்று நேரம் கழித்து முயலவும்’. அதே குறியீட்டை மறுபடி போட்டால் ‘ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டது’. மூன்றாவது முயற்சியில் கணக்கே 24 மணி நேரத்துக்குப் பூட்டிக்கொண்டது. பிழைச் செய்திகளுக்கு ஸ்கிரீன்ஷாட் இருக்கிறது, வாழ்த்துச் செய்திக்கு இல்லை. மூடி இருக்கிறது, பாட்டிலைத் தூக்கிப் போட்டுவிட்டார். மூடியின் படம் இருக்கிறது.

அதன் பிறகு ஏழு வாரம் அலைச்சல். மின்னஞ்சலுக்குத் தானியங்கிப் பதில் வந்தது. சாட்டில் ஒருவர் ‘பரிசு வரும், காத்திருங்கள்’ என்றார். இன்னொருவர் ‘குறியீட்டைத் தவறாகப் பதிந்திருப்பீர்கள்’ என்றார். மூன்றாமவர் ‘தொழில்நுட்பக் கோளாறு, வருந்துகிறோம், திட்டம் முடிந்துவிட்டது’ என்று பேச்சை முடித்துக்கொண்டார். நடுவில் நிறுவனம் தன் சமூக ஊடகப் பக்கத்தில், கோளாறு காரணமாகக் கடைசித் தேதியை ஒரு வாரம் தள்ளிவைப்பதாக அறிவித்தது. அந்தப் பதிவின் கீழ் வாசகி தன் குறையை எழுத, ‘உதவி மையம்’ என்ற பெயரில் ஒருவர் தனிச்செய்தியில் வந்து அடையாள அட்டையின் படத்தை வாங்கிக்கொண்டு, ‘பரிசை அனுப்பும் கட்டணம்’ கேட்டிருக்கிறார். பணம் அனுப்பவில்லை.

‘திரை வென்றதாகச் சொன்ன பிறகு அது என் பொருள்தானே? கோளாறு என்று சொல்லிக் கைகழுவ முடியுமா? வழக்குப் போடலாமா? சும்மா வருகிற பொருளுக்கு இவ்வளவு எதற்கு என்கிறார் என் கணவர்.’ இவை அவருடைய கேள்விகள்.

அன்புள்ள வாசகிக்கு,

மேற்கொண்டு படிப்பதற்கு முன் அம்மாவின் கைப்பேசியை வாங்கிப் பாருங்கள். ‘எனக்கு எஸ்எம்எஸ் வரவே இல்லை’ என்று மூன்று இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பதிவு நடந்தது அம்மாவின் எண்ணில். வெற்றிச் செய்தி போயிருந்தால் அந்த எண்ணுக்குத்தான் போயிருக்கும். இன்பாக்ஸில் இல்லாவிட்டால் ஸ்பேம், தடுக்கப்பட்ட செய்திகள் ஆகிய பகுதிகளிலும், கணக்குத் தொடங்கும்போது கொடுத்த மின்னஞ்சலின் ஸ்பேம், விளம்பரப் பெட்டிகளிலும் தேடுங்கள். மொத்தமாக அனுப்பப்படும் பரிசுச் செய்திகளை வடிகட்டிகள் மோசடி என்று எண்ணி ஒதுக்கிவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கிறது. பரிசைக் கோர 48 அல்லது 72 மணி நேரம்தான் என்று கெடு வைக்கும் திட்டங்கள் நிறைய. கெடு தாண்டியிருந்தாலும் அந்தச் செய்தி கிடைத்துவிட்டால் உங்கள் வழக்கின் பாதிப் பாரம் குறைந்துவிடும்.

உங்கள் கணவரின் கேள்விக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். இது சும்மா வருகிற பொருள் இல்லை. பாட்டில் விற்பதற்காக நிறுவனம் ஊரறியச் சொன்ன வாக்கு இது. அந்த வாக்கை நம்பித்தான் நீங்கள் பாட்டில் வாங்கினீர்கள். கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. என்ன கேட்பது, எப்படிக் கேட்பது என்பதில்தான் இந்த ஏழு வாரமும் வீணாகியிருக்கிறது.

திரை சொன்னதும் சர்வர் எழுதிவைத்ததும்

‘சமர்ப்பி’ பொத்தானை அழுத்தியதும் மறுமுனையில், தளத்தை இயக்கும் கணினியான சர்வரில், வரிசையாகச் சில வேலைகள் நடக்கின்றன. குறியீடு பட்டியலில் இருக்கிறதா என்று பார்ப்பது, ஏற்கெனவே பயன்பட்டதா என்று பார்ப்பது, ‘பயன்பட்டது’ என்று குறிப்பது, பரிசு விழுந்ததா என்று கணக்கிட்டு முடிவை எழுதிவைப்பது, கடைசியாக அந்த முடிவை உங்கள் திரைக்கு அனுப்புவது. ‘பயன்பட்டது’ என்று குறித்த பிறகு, பதில் உங்களை வந்தடைவதற்குள் இணைப்பு அறுந்தால், உங்களுக்குத் தெரிவது பிழைச் செய்தி மட்டுமே. மறுபடி போட்டால் ‘ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டது’. அப்படிப் பயன்படுத்திய ஆள் வேறு யாருமில்லை, ஒரு நிமிடம் முன்பு பதிந்த நீங்களேதான். ஒரே கணக்கு ஒரே குறியீட்டை மறுபடி கொண்டுவந்தால் பழைய முடிவையே திரும்பக் காட்ட வேண்டும்; ஒழுங்காகக் கட்டிய தளம் அப்படித்தான் செய்யும். அவசரத்தில் கட்டிய தளங்களில் இது விடுபட்டுப் போகிறது. விளம்பரம் ஒளிபரப்பான இரவு நேரத்தில், ஆயிரக்கணக்கானோர் ஒரே சமயத்தில் வரும்போது, இந்த ஓட்டை வெளியே தெரிகிறது.

உங்கள் விஷயத்தில் ஒரு படி கூடுதல்: வாழ்த்துச் செய்தியே வந்துவிட்டது. இதற்கு மூன்று விளக்கங்கள் சாத்தியம். மூன்றும் மூன்று விதமான முடிவுக்குக் கொண்டுபோகும்.

ஒன்று, வெற்றி முறையாகப் பதிவாகி, அடுத்து வர வேண்டிய முகவரிப் படிவம் மட்டும் திறக்காமல் போயிருக்கலாம். அப்படியானால் பரிசு அம்மாவின் கணக்கின் பேரில் சர்வரில் இன்னமும் உட்கார்ந்திருக்கும்.

இரண்டு, தளத்தின் வேகத்துக்காகப் பக்கங்களை நகலெடுத்து வைத்திருக்கும் இடைச்சேமிப்பு சர்வர், வேறொருவருக்குப் போக வேண்டிய வெற்றிப் பக்கத்தை உங்களுக்குக் காட்டியிருக்கலாம். இது அபூர்வம், ஆனால் நடக்கக்கூடியது. அப்படியென்றால் நீங்கள் வெல்லவில்லை.

மூன்று, இத்தகைய திட்டங்களில் ‘வெற்றி நொடிகள்’ முன்கூட்டியே குறிக்கப்பட்டிருக்கும். அந்த நொடிக்குப் பிறகு முதலில் வரும் செல்லுபடியான பதிவுக்குப் பரிசு. இரண்டு பேர் ஒரே கணத்தில் வந்து மோதினால் ஒருவருக்குக் காட்டிய முடிவைச் சர்வர் எழுதாமல் திரும்பப் பெற்றிருக்கலாம்.

உங்கள் கைப்பேசியை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் இந்த மூன்றில் எது நடந்தது என்று சொல்ல முடியாது. சொல்லக்கூடியது சர்வரின் பதிவேடு ஒன்றுதான். தொழில்நுட்பக்காரர்கள் ‘லாக்’ என்று சொல்வது அதைத்தான். எந்தக் கணக்கு, எந்தக் குறியீடு, எந்த நேரம், என்ன முடிவு என்று நொடிக்கணக்கோடு அதில் இருக்கும். நீங்கள் இதுவரை மூன்று பணியாளர்களிடம் பரிசைக் கேட்டீர்கள். மூவர் கையிலும் அந்தப் பதிவேடு இல்லை. ஆகவே மூவரும் வாய்க்கு வந்த காரணத்தைச் சொன்னார்கள்.

அவற்றுள் ஒரு காரணத்தை இப்போதே தள்ளிவிடலாம்: ‘தவறாகப் பதிந்திருப்பீர்கள்’ என்பது. எட்டும் ‘பி’யும், ஐந்தும் ‘எஸ்’ஸும், இரண்டும் ‘இசட்’டும் மூடியின் வளைந்த பரப்பில், ஈரத்தில் கசிந்த மையில் குழம்பத்தான் செய்யும். ஆனால் கணக்கைப் பாருங்கள். குழப்பம் தரும் எழுத்துகளுள் சிலவற்றை நீக்கி, 32 எழுத்து, எண்களைக் கொண்டு பத்து இடத்தை நிரப்பினால் சுமார் 1,126 லட்சம் கோடி சேர்க்கைகள் வரும். 2 கோடி பாட்டில் சந்தைக்கு வந்தது என்று வைத்துக்கொண்டாலும், தப்பாக அடித்த ஒன்று தற்செயலாக இன்னொரு உண்மையான குறியீடாக அமைய 5.6 கோடியில் ஒரு வாய்ப்புதான். தவறாகப் பதிந்திருந்தால் உங்களுக்கு ‘தவறான குறியீடு’ என்று வந்திருக்கும். ‘ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டது’ என்று வந்ததே நீங்கள் சரியாகப் பதிந்தீர்கள் என்பதற்கு நல்ல அடையாளம். அந்த ஸ்கிரீன்ஷாட்டை நீங்கள் மட்டமாக நினைக்கிறீர்கள். அது உங்களுக்கு நன்றாகவே பேசும்.

பத்து எழுத்துக்குப் பதிலாக ஆறு எழுத்து வைத்திருந்தால் இந்த வாதம் நிற்காது. அதே 2 கோடி பாட்டிலுக்கு 54-இல் ஒன்று பொருந்திவிடும். சில தவறான முயற்சிக்குப் பிறகு கணக்கைப் பூட்டும் ஏற்பாடு இப்படிக் குருட்டடியாக அடிப்பவர்களைத் தடுக்கத்தான் இருக்கிறது. உங்கள் மீது யாரும் சந்தேகப்பட்டுப் பூட்டினார்கள் என்று அதை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம்.

இன்னொரு சாத்தியமும் உண்டு. அச்சு இயந்திரம் நின்று மறுபடி ஓடும்போது அதே குறியீட்டுக் கோப்பு இரண்டு முறை ஓடி, ஒரே குறியீடு இரண்டு மூடியில் விழலாம். இதைக் கண்டுபிடிக்கப் பாட்டிலில் உள்ள பேட்ச் எண்ணும் தயாரிப்பு நேரமும் வேண்டும். நீங்கள் எடுத்த படத்தின் ஓரத்தில் பாட்டில் தெரிகிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள்.

மூன்று கணக்கு: நீங்கள் சாதாரணமாகக் கடந்துபோன விஷயம்

கடிதத்தில் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போனீர்கள். எனக்கு அதுதான் அதிகக் கவலை. பெரும்பாலான திட்ட விதிகளில் ‘ஒருவருக்கு ஒரு கணக்கு’ என்று இருக்கும். ஒரே கைப்பேசி, ஒரே இணைய இணைப்பு, மூன்று எண்கள் என்று தெரிந்தால் மோசடித் தடுப்பு ஏற்பாடு பதிவை நிறுத்திவைத்துவிடும். அப்போது திரையில் காரணம் சொல்லாமல் பொத்தாம் பொதுவாக ‘ஏதோ பிழை’ என்றுதான் காட்டும். நீங்கள் பார்த்த பிழை அதுவாகவும் இருக்கலாம்.

விதிகளை எடுத்து இரண்டு இடத்தைப் படியுங்கள். ‘பங்கேற்பாளர்’ என்பதற்கு என்ன விளக்கம் கொடுத்திருக்கிறார்கள்? ஒருவருக்கு ஒரு கணக்கா, ஒரு எண்ணுக்கு ஒரு கணக்கா, ஒரு வீட்டுக்கு ஒரு கணக்கா? அம்மா தன் சம்மதத்தோடு பங்கேற்று, நீங்கள் தட்டச்சு செய்து உதவினீர்கள் என்பதுதான் உண்மை என்றால் அது அம்மாவின் பங்கேற்பு. பல விதிகளில் அது தாங்கும். அம்மாவுக்குத் தெரியாமல் அவர் எண்ணைப் பயன்படுத்தியிருந்தால் தாங்காது. எதுவாக இருந்தாலும் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். பொய் சொல்லி வென்ற கோரிக்கை, பதிவேடு வெளியே வரும்போது உடைந்துவிடும். இதிலிருந்து நேரே வரும் இன்னொன்று: பரிசு யாருக்காவது சேருமென்றால் அம்மாவுக்குத்தான். இனி போகும் ஒவ்வொரு கடிதமும் அவர் பெயரில், அவர் கையெழுத்தோடு போகட்டும். நீங்கள் எழுதினால் ‘கணக்கு உங்களுடையதில்லை’ என்ற ஒரே வரியில் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

சட்டம் எங்கே துணை நிற்கும், எங்கே நிற்காது

எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்று கடிதத்தில் இல்லை. அதனால் பொதுவாகச் சொல்லி, தேவையான இடத்தில் நாட்டைக் குறிப்பிடுகிறேன்.

ஊரறியச் செய்த அறிவிப்பு, அதன் நிபந்தனையை நிறைவேற்றியவரோடு ஒப்பந்தமாகிவிடும் என்பது ஆங்கிலச் சட்டத்தை ஒட்டிய நாடுகளில் பழைய பாடம். தங்கள் மருந்துக் குழலைப் பயன்படுத்தியும் இன்புளுவென்சா வந்தால் 100 பவுண்டு தருகிறோம் என்று கார்பாலிக் ஸ்மோக் பால் நிறுவனம் விளம்பரம் செய்தது. குழலைச் சொன்னபடி பயன்படுத்தியும் நோய் வந்த கார்லில் என்ற பெண்மணிக்கு அந்தத் தொகையைக் கொடுத்தே ஆக வேண்டும் என்று 1892-இல் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வெறும் விளம்பரப் பேச்சு என்ற வாதம் எடுபடவில்லை; 1,000 பவுண்டை வங்கியில் போட்டிருக்கிறோம் என்று அதே விளம்பரத்தில் சொல்லியிருந்தார்கள்.

ஆனால் ‘நிபந்தனையை நிறைவேற்றியவர்’ என்ற சொல்லில்தான் சிக்கல். 1992 மே மாதம் பிலிப்பைன்ஸில் பெப்சியின் மூடி எண் போட்டியில் 349 என்ற எண் வென்ற எண்ணாகத் தொலைக்காட்சியில் அறிவிக்கப்பட்டது. பத்து லட்சம் பெசோ வரை பரிசு. அந்த எண் அச்சிட்ட மூடிகள் லட்சக்கணக்கில் மக்கள் கையில் இருந்தன. மூடியில் உள்ள பாதுகாப்புக் குறியீடும் பொருந்த வேண்டும் என்று நிறுவனம் சொன்னது. கலவரம் வெடித்து உயிர்கள் போயின. 2006-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் நிறுவனத்துக்குப் பொறுப்பில்லை என்று முடித்தது. எண் அறிவிக்கப்பட்டது உண்மை, மூடி இருந்தது உண்மை. வெளியிட்ட விதியின்படி இரண்டாவது சரிபார்ப்பில் பொருந்தவில்லை என்பதே முடிவைத் தீர்மானித்தது. உங்கள் திட்ட விதிகளிலும் ‘எங்கள் சரிபார்ப்புக்குப் பிறகே வெற்றி உறுதியாகும்’ என்ற வரி அநேகமாக இருக்கும். ஆகவே ‘திரையில் வந்தது, என் பொருள்’ என்ற வாதத்தை மட்டும் நம்பிப் போகாதீர்கள். திரைச் செய்தி நல்ல சான்று. அதுவே உரிமைப் பத்திரம் ஆகிவிடாது.

அதேபோல் ‘தொழில்நுட்பக் கோளாறுகளுக்குப் பொறுப்பல்ல’ என்ற வரியைப் பார்த்து மலைத்துப்போகவும் வேண்டாம். உங்கள் கைப்பேசிச் சேவை அறுந்தது, மின்சாரம் போனது போன்றவற்றுக்கு அந்த வரி பொருந்தும். நிறுவனத்தின் சொந்தச் சர்வரே பதிவை ஏற்று, வெற்றி என்று எழுதிய பிறகு, படிவம் திறக்காததைக் காரணம் காட்டிப் பரிசை மறுக்க அதைப் பயன்படுத்தினால் நியாயமற்ற நிபந்தனை என்ற கேள்வி எழும். பிரிட்டனில் 2015-ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டமும் இந்தியாவில் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் ஒருதலைப்பட்சமான நிபந்தனைகளைக் கேள்வி கேட்க இடம் தருகின்றன. இந்தியச் சட்டம் ஒரு படி மேலே போகிறது: கொடுக்கும் எண்ணமில்லாமல் பரிசு அறிவிப்பதும், திட்டம் முடிந்த பின் இறுதி முடிவுகளைப் பங்கேற்றவர்களிடமிருந்து மறைப்பதும் நேர்மையற்ற வணிக நடைமுறை என்று அதில் எழுதியே இருக்கிறது. பிரிட்டனின் விளம்பர நெறிமுறை, பரிசுகளைச் சாதாரணமாக 30 நாளுக்குள் கொடுத்துவிடச் சொல்கிறது. நடத்துபவரின் கைமீறிய, தவிர்க்க முடியாத காரணம் இல்லாமல் கடைசித் தேதியை மாற்றக் கூடாது என்றும் சொல்கிறது.

அந்த ஒரு வார நீட்டிப்பு உங்களுக்கு நேரடிப் பயன் தராது. ஆனால் ‘அந்தத் தேதிகளில் எங்கள் தளத்தில் கோளாறு இருந்தது’ என்று அவர்களே எழுதிக் கொடுத்த ஒப்புதல் அது. அழிப்பதற்குள் தேதி தெரியும்படி படமெடுத்து வையுங்கள்.

சாட்டில் ‘பரிசு வரும்’ என்று சொன்னவரின் வார்த்தை நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும் என்று நினைக்கிறீர்கள். அநேகமாகக் கட்டுப்படுத்தாது, பரிசு வழங்கும் அதிகாரம் அவருக்கு இல்லை. ஆனால் அதற்கு வேறொரு பயன் உண்டு. ‘72 மணி நேரக் கெடுவுக்குள் கோரவில்லை’ என்று நாளை சொன்னால், ‘காத்திருக்கச் சொன்னதே நீங்கள்தான்’ என்று காட்ட அந்த உரையாடல் வேண்டும். 24 பாட்டில் வாங்கியதால் ஏதாவது தர வேண்டும் என்பதும் சரியில்லை. வாங்கிய பானம் கையில் வந்துவிட்டது. ஒவ்வொரு குறியீடும் தனித்தனி வாய்ப்பு மட்டுமே.

இந்த வாரம் செய்ய வேண்டியவை

ஏழு வாரம் ஆகிவிட்டது. தொழில்நுட்பப் பதிவேடுகளைக் காலமெல்லாம் வைத்திருக்க மாட்டார்கள். 30 நாளிலோ 90 நாளிலோ தானாக அழியும்படி அமைப்பது வழக்கம். ஆகவே ‘அழிக்காதீர்கள்’ என்று எழுத்தில் கேட்பதுதான் மிக அவசரம்.

முதலில் சான்றுகளை ஒழுங்கு செய்யுங்கள். மூடியைக் காயவைத்து, ஒரு சிறு உறையில் போட்டு, மேலே தேதி எழுதுங்கள். மை தேயும்படி துடைக்காதீர்கள். படங்களின் அசல் கோப்புகளை அப்படியே நகலெடுத்து வையுங்கள். வாட்ஸ்அப் போன்ற செயலி வழியாக அனுப்பிய நகலில் எடுத்த நேரம் போன்ற உட்தகவல் பெரும்பாலும் அழிந்துவிடும். கைப்பேசி பிரவுசரின் வரலாற்றில் அந்த இரவின் பக்க முகவரிகளும் நேரமும் இருக்கும். முகவரியில் ‘வெற்றி’ அல்லது ‘கோரிக்கை’ என்று பொருள்படும் சொல் இருந்தால், விட்டுப்போன வாழ்த்து ஸ்கிரீன்ஷாட்டின் இடத்தை அது ஓரளவு நிரப்பும். அதையும் படமெடுங்கள். திட்ட விதிகளை முழுக்கச் சேமியுங்கள். திட்டம் முடிந்ததும் அந்தப் பக்கத்தை எடுத்துவிடுவார்கள்.

பிறகு விதிகளின் அடியில் ‘திட்டத்தை நடத்துபவர்’ யார் என்று பாருங்கள். பாட்டிலில் உள்ள பெயரும் அதுவும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. தளத்தை இயக்கியது ஒரு விளம்பர முகமையாக இருக்கலாம். பொறுப்பு நடத்துபவருக்கே. பதிவுத் தபால், மின்னஞ்சல் இரண்டிலும் அவருக்கு அனுப்புங்கள். தனியுரிமைக் கொள்கையில் கொடுத்திருக்கும் தரவுப் பாதுகாப்பு அதிகாரிக்கு ஒரு நகல்.

கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். ஏழு வார மனவருத்தம் அதில் வேண்டாம். இப்படி இருந்தால் போதும்:

‘இன்ன தேதி இரவு இத்தனை மணிக்கு, இந்தக் கைப்பேசி எண்ணில் உள்ள என் கணக்கிலிருந்து, இந்தக் குறியீட்டை என் சம்மதத்தோடு என் மகள் தன் கைப்பேசியில் பதிந்தார். டேப்லெட் வென்றதாகத் திரையில் செய்தி வந்தது. அடுத்து பிழைச் செய்தி வந்தது. மறுபடி முயன்றபோது குறியீடு ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டது என்று வந்தது. கீழ்க்காணும் நான்குக்கும் உங்கள் பதிவேட்டின் அடிப்படையில் எழுத்தில் பதில் வேண்டும். 1. இந்தக் குறியீடு முதலில் ஏற்கப்பட்டது எந்தத் தேதி, எந்த நேரம், என் கணக்கிலிருந்தா? 2. அந்தப் பதிவுக்கு எழுதப்பட்ட முடிவு என்ன? 3. அந்த இரவு தளத்தில் கோளாறு பதிவாகியுள்ளதா, பாதிக்கப்பட்டவர்களுக்கு என்ன செய்தீர்கள்? 4. அந்தப் பதிவுக்கு உரிய பரிசு வேறு யாருக்காவது வழங்கப்பட்டதா, வழங்கப்படாமல் உள்ளதா? இது தொடர்பான பதிவேடுகளை இந்தப் பிரச்சினை முடியும்வரை அழிக்க வேண்டாம். 14 நாளில் பதில் வேண்டும்.’

அம்மா சம்மதித்திருந்தால் மட்டும் அந்தச் சொல்லை எழுதுங்கள். நேரம் எழுதும்போது உங்கள் ஊர் நேரம் என்று குறிப்பிடுங்கள். சர்வர்கள் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் பதிகின்றன, பணியாளர் தவறான மணி நேரத்தில் தேடிவிட்டு ‘ஒன்றும் இல்லை’ என்பார். நான்காவது கேள்விக்கு வென்றவரின் பெயரைத் தர மாட்டார்கள்; தர வேண்டியதும் இல்லை. ஆம், இல்லை என்ற பதில் போதும்.

கூடவே, அம்மாவின் கணக்கைப் பற்றி வைத்திருக்கும் தனிப்பட்ட தரவு முழுவதையும் கேளுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்திலும் பிரிட்டனிலும் இது சட்ட உரிமை. சாதாரணமாக ஒரு மாதத்துக்குள் தர வேண்டும். வாடிக்கையாளர் சேவை தட்டிக்கழிக்கும் கேள்விக்கு இந்த வழியில் பதில் வந்துவிடுவதுண்டு, ஏனென்றால் இதைக் கையாள்வது வேறு துறை.

பதில் வந்த பிறகு

முடிவு ‘வெற்றி’ என்று பதிவாகி, அம்மாவின் கணக்குத்தான் என்றால் வலுவான வழக்கு. வக்கீல் நோட்டீஸும் தேவைப்பட்டால் நுகர்வோர் மன்றமோ சிறு கோரிக்கை நீதிமன்றமோ செலவுக்குத் தகும். ‘வெற்றி இல்லை’ என்று பதிவாகி, திரை மட்டும் தவறு என்றால், தவறான செய்தி காட்டியதற்கு ஈடு கேட்டுப் பேசிப் பார்க்கலாம். வழக்குப் போட நான் சொல்ல மாட்டேன். வேறொரு கணக்கிலிருந்து முதலில் பதிவானது என்றால் இரட்டை அச்சு பற்றி விசாரிக்கச் சொல்லுங்கள், மூடியின் படத்தை அனுப்புங்கள், மூடியைக் கையை விட்டுக் கொடுக்காதீர்கள். பதிலே இல்லை, அல்லது ‘பதிவேடு இல்லை’ என்றால் ஒழுங்குமுறை அமைப்புக்குப் போகலாம்.

இந்தியாவில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் தொடங்கலாம். மாவட்ட ஆணையத்தில் புகார் கொடுக்க இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு, நீங்கள் வசிக்கும் இடத்திலேயே கொடுக்கலாம். பிரிட்டனில் விளம்பரத் தர ஆணையம் புகாரை ஏற்கும். ஆனால் பரிசை வாங்கித் தரும் அதிகாரம் அதற்கு இல்லை, அதற்கு நீதிமன்றம்தான் போக வேண்டும். மற்ற நாடுகளிலும் நுகர்வோர் அமைப்பு எதைச் செய்ய முடியும், எதைச் செய்ய முடியாது என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

‘உதவி மையம்’ என்று வந்தவர்

அவர் நிறுவனத்தின் ஆள் இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். கோளாறு அறிவிப்பின் கீழ் குறை எழுதுபவர்களைத் தேடித்தான் இவர்கள் வருகிறார்கள். அடையாள அட்டை போய்விட்டதால், அந்தப் பெயரில் புதிய சிம், கடன், வங்கிக் கணக்கு எதுவும் தொடங்கப்படுகிறதா என்று கவனியுங்கள், வங்கிக்குத் தெரிவியுங்கள், இணையக் குற்றப் பிரிவில் புகார் பதியுங்கள். ஓடிபி யார் கேட்டாலும் கிடையாது.

இங்கே ஒரு விதிவிலக்கு குழப்பம் தரும். சில நாடுகளில் உண்மையான பரிசுக்கும் வரி உண்டு. இந்தியாவில் 10,000 ரூபாயைத் தாண்டும் பரிசுக்கு 30 சதவீத வரியைப் பிடித்துக்கொண்டே தர வேண்டும். பொருளாகக் கொடுத்தால், வரி கட்டியாயிற்று என்று உறுதி செய்த பிறகே ஒப்படைக்க வேண்டும். ஆகவே உண்மையான நிறுவனமும் வரி பற்றிப் பேசலாம். அது நடத்துபவரின் அதிகாரப்பூர்வக் கடிதத்தில், வரி எண்ணோடு, ரசீதோடு வரும். தனிச்செய்தியில் வந்து ஒரு கைப்பேசி எண்ணுக்குப் பணம் அனுப்பச் சொல்வது எந்த நாட்டிலும் வரி ஆகாது.

பொதுவெளியில் எழுதுவதைத் தடுக்கவில்லை. தேதி, நடந்தது, வந்த பதில் ஆகியவற்றை மட்டும் எழுதுங்கள். ‘மோசடி நிறுவனம்’ என்ற சொல் வேண்டாம். நிரூபிக்கும் சுமை உங்கள் மேல் வந்துவிடும். மூடியின் படத்தைப் போட்டால் குறியீட்டை மறைத்துவிடுங்கள்.

இந்தக் கடிதம் போன பிறகு அநேகமாக ஒரு சமரசம் வரும்: ஒரு பெட்டி பானம், கூப்பன், சிறு தொகை. வாங்கிக்கொள்வதில் தவறில்லை, எதைக் கொடுத்து வாங்குகிறீர்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். 349 விவகாரத்தில் ஆளுக்கு 500 பெசோ தர நிறுவனம் முன்வந்தது; பல லட்சம் பேர் வாங்கிக்கொண்டார்கள். உங்களுக்கு வரும் மின்னஞ்சலிலோ ‘ஏற்கிறேன்’ பொத்தானுக்கு மேலோ ‘முழுமையான, இறுதித் தீர்வாக’ என்ற சொற்கள் இருந்தால், அதை அழுத்தியதும் டேப்லெட் பற்றிய கேள்வி முடிந்துவிடும். நான்கு கேள்விக்கும் பதில் வரும்வரை அம்மா அந்தப் பொத்தானைத் தொட வேண்டாம். அந்தச் சொற்கள் இல்லாமல் வெறும் நல்லெண்ணப் பரிசாக அனுப்பினால், ‘என் கோரிக்கை நிலுவையில் இருக்கிறது என்ற புரிதலோடு பெற்றுக்கொள்கிறேன்’ என்று ஒரு வரி பதில் எழுதிவிட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.